வாகன நிறுத்தத்தில் ஒரு பிளக் பாயின்ட்

பெறுநர்: தமிழ்நாட்டு நகரங்களின் அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கப் பொறுப்பாளர்கள், வாடகைக்கு வீடு விட்டிருக்கும் உரிமையாளர்கள்.

பொருள்: மின்சார இருசக்கர வாகனங்களுக்குச் சார்ஜ் போடும் வசதி.



மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா, வேண்டாமா என்ற விவாதம் பெரும்பாலும் வண்டியின் விலை, வேகம், ஒரு முறை சார்ஜ் போட்டால் ஓடும் தொலைவு ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. அந்த வண்டி இரவில் எங்கே நிற்கும் என்று கேட்பவர் குறைவு. நாள்தோறும் அலுவலகம், கடை, பள்ளி என்று ஓடுபவரைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது அதுதான். வண்டி நிற்கும் சுவரில் தனக்கென ஒரு பிளக் பாயின்ட் உள்ளவருக்குப் பெரும் சிக்கனமாக அமையும் அதே ஸ்கூட்டர், அது இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்றாடத் தொல்லையாகிவிடுகிறது. அந்தப் பாயின்ட்டைத் தருவதும் மறுப்பதும் சங்கத்தாரின் கையிலும் வீட்டுக்காரரின் கையிலும் இருப்பதால், வண்டி நிறுவனங்களுக்கோ அரசுக்கோ எழுதப்படாமல் இம்மடல் அவர்களுக்கு எழுதப்படுகிறது.

ஒசூரிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும், இராணிப்பேட்டையிலும் உள்ள தொழிற்சாலைகளிலிருந்துதான் இந்தியச் சாலைகளில் ஓடும் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பகுதி புறப்பட்டுச் செல்கிறது. வண்டியைச் செய்து அனுப்பும் மாநிலத்திலேயே அதற்குச் சார்ஜ் போட இடம் கேட்டு வாடகைதாரர் வீட்டுக்காரர் முன் நிற்க வேண்டியிருப்பது விந்தையான நிலைமை.

சங்கக் கூட்டங்களில் 'ஈ-பைக்' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் வண்டிகள் உண்மையில் இரு வகைப்பட்டவை என்பதை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் அடங்கும் வண்டிகளுக்குப் பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் விலக்களித்திருக்கின்றன. முதியோரும் பள்ளி மாணவரும் ஓட்டுபவை பெரும்பாலும் இவையே; இவற்றில் மலிவானவை பலவற்றில் இன்னும் ஈய-அமில பேட்டரிதான் இருக்கிறது. விற்ற பிறகு வேகக் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்டு 40, 45 வரை ஓடச் செய்யும் பழக்கமும் இந்த வகையில்தான் காணப்படுகிறது. அப்படி மாற்றப்பட்ட வண்டி சட்டத்தின் கண்ணில் பதிவு செய்யப்படாத மோட்டார் வாகனமே. இரண்டாவது வகை, பச்சை நிறப் பலகையில் வெள்ளை எழுத்தில் பதிவெண் தாங்கி, லித்தியம் பேட்டரியோடு பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஈடாக ஓடுவது. இம்மடல் பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைப் பற்றியே.

இவ்வண்டியின் முதற்கவர்ச்சி கணக்கில் இருக்கிறது. பேட்டரியின் கொள்ளளவு கிலோவாட் மணியில் அளக்கப்படுகிறது. ஒரு கிலோவாட் மணி என்பது மின்கட்டண அட்டையில் எழுதப்படும் ஒரு யூனிட்டேயாகும். நகரச் சாலையில் ஒரு மின் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 30 வாட் மணி செலவழிக்கிறது. சார்ஜ் ஏறும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் 35 என்று கொள்ளலாம். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் வீதம் மாதத்திற்கு 26 நாள் ஓட்டுபவர், மின்வாரியம் கணக்கெடுக்கும் இரு மாதத்தில் 1,560 கிலோமீட்டர் ஓடி 55 யூனிட் அளவில் செலவிடுவார். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று கூட்டியே மதிப்பிட்டாலும் அது 550 ரூபாய்தான். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டர் அதே தொலைவுக்கு 35 லிட்டர் அளவில் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 3,500 ரூபாய். வேறுபாடு மாதத்திற்குச் சுமார் 1,500 ரூபாய். வண்டி வாங்கும்போது 25,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால் ஒன்றரை ஆண்டுக்குள் அது திரும்பிவிடும்.

இதே கணக்கை நாளுக்கு எட்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்குப் போட்டால், மாதச் சேமிப்பு 400 ரூபாயை எட்டுவதே அரிது. கூடுதல் விலை திரும்ப ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும், அதற்குள் பேட்டரிக்கும் வயதாகிவிடும். ஆகவே விளம்பரங்கள் சொல்வதுபோல் இது எல்லோருக்கும் சிக்கனமான வண்டி ஆகிவிடாது. அதிகம் ஓடுபவருக்கே இது சிக்கனம். உணவுப் பொட்டலம் கொண்டு செல்பவர், மருந்துப் பிரதிநிதி, வீடு வீடாகச் சென்று பாடம் நடத்தும் ஆசிரியை போன்றோரே அவ்வாறு அதிகம் ஓடுபவர்கள். இவர்களில் பெரும்பாலோர் வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள். சுவரில் சொந்தமாகப் பிளக் பாயின்ட் இல்லாதவர்களும் இவர்களே என்பதில்தான் இம்மடலின் முறையீடு முழுதும் அடங்கியிருக்கிறது.

பணக் கணக்குக்கு அப்பாலும் கவர்ச்சிகள் உண்டு. கியரும் கிளட்சும் இல்லை. இன்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் என்று சர்வீஸில் மாற்றும் உருப்படிகள் இல்லை. பங்க்கில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தருவதால், கால்வைக்கும் இடத்தில் சமையல் எரிவாயு உருளையையோ இருபது லிட்டர் தண்ணீர் கேனையோ வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறும்போதும் வண்டி திணறுவதில்லை. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறிச் சிறிதளவு மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பிரேக் கட்டைகள் மெதுவாகத் தேய்வது அதன் கூடுதல் பயன். ஓசையின்மையைப் பலர் புகழ்கிறார்கள். தெருவில் குழந்தை விளையாடும் வீட்டாருக்கு அந்த ஓசையின்மையே அச்சமாக இருப்பதையும் மறுக்க முடியாது.

குறைகளை மூடி மறைத்து வசதி கேட்பது நேர்மையாகாது. விற்பனைக் கூடத்தில் சொல்லப்படும் தொலைவு, ஆய்வுக்கூடத்தில் 'இந்திய ஓட்டச் சுழற்சி' என்னும் வரையறுத்த வேக முறைப்படி அளந்து பெறப்பட்டது. பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு, சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் நகர ஓட்டத்தில் அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவது வழக்கம். சென்னையிலிருந்து விழுப்புரத்திற்கோ மதுரையிலிருந்து தேனிக்கோ அடிக்கடி இருசக்கர வாகனத்திலேயே போய்வருபவருக்குப் பெட்ரோல் வண்டியே இன்றும் ஏற்றது. 2021 ஜூனில் பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 15,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்ட மத்திய அரசின் மானியம், 2023 ஜூனில் 10,000 ஆகவும், 2024 ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தில் 5,000 ஆகவும் இறங்கியது. மூன்று கிலோவாட் மணி பேட்டரிக்கு 45,000 ரூபாய் வரை கிடைத்த இடத்தில் வண்டிக்குப் பத்தாயிரம் என்று வரம்பு வந்தது. உத்தரவாதக் காலம் முடிந்தபின் பேட்டரி கெட்டால், புதியதன் விலை பழைய வண்டியின் மதிப்பையே விழுங்கிவிடக்கூடும். வண்டி கைமாறும் விலை இன்னும் நிலைபெறாததற்கு இந்தப் பயமே காரணம். அக்கம்பக்கத்து மெக்கானிக் கை வைக்க முடியாத மென்பொருள் கோளாறுகளுக்காக நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் வாரக்கணக்கில் வண்டியை விட்டுவிட்டுக் காத்திருக்கும் வாடிக்கையாளர்களின் குமுறலும் பொய்யன்று.

பொது இடங்களில் சார்ஜ் போடலாமே என்ற பதில் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. இலகு மின்வாகனங்களுக்கான ஒருவகை இணைப்பியை 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தரமாக ஏற்றது. எனினும் அதையே கையாள வேண்டும் என்ற கட்டாயமில்லாததால், ஒரு நிறுவனத்தின் விரைவு சார்ஜர் இன்னொரு நிறுவனத்தின் வண்டிக்குப் பொருந்தாத நிலை நீடிக்கிறது. வண்டியோடு வரும் சாதாரண சார்ஜருக்கோ நான்கைந்து மணி நேரம் வேண்டும். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வருபவர் அந்த நேரத்தைத் தூக்கத்திலிருந்துதான் எடுக்க முடியும். அப்போது வண்டி இருக்கும் இடம் வீடுதான்.

இனி, சங்கத்தாரின் மறுப்புக்கு முதற்காரணமாக நிற்கும் தீயைப் பற்றிப் பேச வேண்டும். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், விடுதிக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் இருந்த மின் வண்டி விற்பனையகத்தில் பற்றிய தீயின் புகை படிக்கட்டு வழியாக மேலேறி எட்டு உயிர்களைப் பறித்தது. லித்தியம் பேட்டரி என்பது நூற்றுக்கு மேற்பட்டவையாகவும் இருக்கக்கூடிய சிறு செல்களின் தொகுப்பு. அவற்றில் ஒன்று உட்புறக் குறுக்குச்சுற்றால் சூடேறினால், அந்தச் சூடு அடுத்த செல்லையும், அது அதற்கடுத்ததையும் பற்றவைத்து, நடுவில் நிறுத்த முடியாத வெப்பத் தொடராகப் பரவுகிறது. அணைந்ததுபோல் தோன்றிய பேட்டரி சிறிது நேரத்தில் மீண்டும் பற்றுவதும், வெளிவரும் புகை நச்சாக இருப்பதும் இத்தீயின் இயல்புகள்.

அந்த ஆண்டின் விபத்துகளுக்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 என்னும் தரவிதி திருத்தப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. ஒரு செல்லில் பிடித்த வெப்பம் தொகுப்பு முழுதும் பரவுகிறதா என்ற சோதனையும், சூடு கட்டுமீறும் முன்பே ஓட்டுநரை எச்சரிக்கும் ஏற்பாடும் அதன் பகுதிகள். எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள், நிக்கல் கலந்த வகையைக் காட்டிலும் எடை கூடியவையாயினும் வெப்பத்தைத் தாங்குவதிலும் ஆயுளிலும் மேம்பட்டவை. கத்திரி வெயிலில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வேலூர், கரூர் போன்ற ஊர்களில் இது சிறு வேறுபாடன்று. எனவே எந்த ஆண்டில் செய்த வண்டி, எவ்வகைப் பேட்டரி என்று சங்கம் கேட்டுப் பதிவு செய்துகொள்வதில் தவறேதும் இல்லை. வெயிலில் ஓடி வந்த வண்டி ஆறுவதற்கு முன் சார்ஜ் போடக் கூடாது, உற்பத்தியாளர் தந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை விதிப்பதும் முறையானதே.

முறையற்றது ஒட்டுமொத்தத் தடைதான். அத்தடை ஆபத்தை ஒழிப்பதில்லை, கண்ணுக்கு மறைவான இடத்திற்கு நகர்த்திவிடுகிறது. தடை உள்ள கட்டடங்களில் நடப்பது இது: முதல் மாடி பால்கனியிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் ஒயர் கம்பி கிராதியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கீழே இறங்குகிறது, நடுவில் உள்ள இணைப்பின் மேல் மழைக்காகப் பால் கவர் ஒன்று ரப்பர் பேண்டால் கட்டப்பட்டிருக்கிறது, மேல்முனையில், மின்விசிறிக்கும் கைப்பேசிக்கும் என்று வைத்த ஐந்து ஆம்பியர் பாயின்ட்டில் செருகப்பட்ட பிளக்கைச் சுற்றிப் பழுப்பு நிறக் கருகல் வளையம் படிந்திருக்கிறது, விடியற்காலையில் வாட்ச்மேன் பார்ப்பதற்கு முன் ஒயர் மேலே இழுக்கப்பட்டுவிடுகிறது. கழற்றும் வகைப் பேட்டரி உள்ளவர் பத்துக் கிலோ எடையை மாடிக்குத் தூக்கிச் சென்று, இடமில்லாத வீட்டில் கட்டிலின் தலைமாட்டிலேயே சார்ஜுக்கு வைக்கிறார். வேலூரில் இருவரைக் கொன்றது புகைதான் என்பதை நினைத்துப் பார்த்தால், திறந்த வாகன நிறுத்தத்தில் முறையான பாயின்ட் இருப்பது பாதுகாப்பா, மூடிய படுக்கையறையில் பேட்டரி இருப்பது பாதுகாப்பா என்பதற்குத் தனியே விடை சொல்ல வேண்டியதில்லை.

'லோடு தாங்காது' என்பது அடுத்த மறுப்பு. வண்டியோடு வரும் சார்ஜர்கள் பெரும்பாலும் 650 முதல் 950 வாட் வரை இழுக்கின்றன. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் ஒரு குதிரைத்திறன் மோட்டாரின் திறன் 746 வாட். இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட், வெந்நீர்க் கொதிகலன் இரண்டாயிரம் வாட். ஏ.சி. மாட்டுவதற்கு எந்தச் சங்கமும் பொதுக்குழுவைக் கூட்டியதாகத் தெரியவில்லை. பத்துப் பதினைந்து வண்டிகள் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறும் பெரிய அடுக்ககத்தில் அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆறு வீடுகள் கொண்ட கட்டடத்தில் அந்தக் கேள்வி எழுவதே அரிது.

பொதுக் கணக்கில் யார் பணம் கட்டுவது என்ற மறுப்புக்கு வலு அதிகம். 2022 செப்டம்பரில் அடுக்ககங்களின் படிக்கட்டு விளக்கு, மோட்டார், மின்தூக்கி ஆகியவற்றுக்கான பொது இணைப்பு யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க் கட்டணத்திற்கு மாற்றப்பட்டதும், பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்குட்பட்ட, மின்தூக்கி இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 2023இல் அது 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டதும் சங்கப் பொருளாளர்களுக்கு மறந்திருக்காது. இந்நிலையில் பொது இணைப்பில் வண்டி சார்ஜ் ஏறுவதை மற்றக் குடித்தனக்காரர் விரும்பாதது இயல்பே. அதற்குரிய வழி, ஒவ்வொரு வீட்டின் சொந்த மீட்டரிலிருந்து வாகன நிறுத்தத்திற்கு ஒரு தனி ஒயரை இறக்கிவிடுவது. மீட்டர்கள் பெரும்பாலும் தரைத்தளத்திலேயே இருப்பதால் தொலைவு அதிகமிராது. அது இயலாத இடத்தில் சப் மீட்டர் உண்டு. மின்வாகனத்திற்கென்றே தனி இணைப்பு கேட்டுப் பெறலாம் என்று மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் மத்திய அரசு செய்த திருத்தமும் வழி திறந்திருக்கிறது. புதுக் கட்டடங்களில் வாகன நிறுத்த இடத்தின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சார்ஜ் வசதி வேண்டும் என்று 2019இல் மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் பரிந்துரைத்துவிட்டன. பழைய கட்டடங்கள்தாம் சங்கத்தாரின் மனத்தை நம்பி நிற்கின்றன.

வாடகை வீடுகளில் இன்னொரு சிக்கல் உள்ளது. வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கும் இடங்களில், முதல் 100 யூனிட் இலவசம் வாடகைதாரருக்குப் போய்ச் சேர்வதில்லை. இரு மாத நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறுவதால், வண்டிக்கான 55 யூனிட் யாருடைய கணக்கைத் தாண்டச் செய்தது என்ற சண்டையும் வருகிறது. வண்டிக்கெனத் தனி அளவி இருந்தால் இந்தச் சண்டைக்கு இடமில்லை. பாயின்ட் அமைக்கும் செலவை வாடகைதாரரே ஏற்று, வீடு காலி செய்யும்போது அப்படியே விட்டுச் செல்வது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டால், உரிமையாளருக்கு இழப்பேதும் இல்லை. அடுத்து வருபவரிடம் சொல்லிக்காட்ட ஒரு வசதியும் மிஞ்சும்.

பாயின்ட் அமைப்பதில் கருத வேண்டியவை சிலவே, ஆனால் விட்டுக்கொடுக்கக் கூடாதவை. பதினாறு ஆம்பியர் சாக்கெட், குறைந்தது இரண்டரை சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், அதற்கென்றே ஓர் எம்.சி.பி., அதாவது மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச், அதோடு ஓர் ஆர்.சி.சி.பி. வேண்டும். பின்னது, மின்சாரம் வழிதவறி மனித உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கசிந்தால் 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே இணைப்பைத் துண்டிப்பது. எர்த் சரியாக இல்லாவிட்டால் பல சார்ஜர்கள் வேலையே செய்வதில்லை. பழைய கட்டடங்களில் எர்த் ஒயர் பெயருக்கு மட்டும் இருப்பது அப்போதுதான் தெரியவரும், அது மற்ற வீட்டாருக்கும் நன்மையே. இடத்தைப் பொறுத்தவரை, படிக்கட்டுக்கு அடியில் ஒருபோதும் கூடாது. மீட்டர் பெட்டியும் வண்டிகளும் நெருக்கமாக நிற்கும் அந்த மூலையில் தீப்பிடித்தால், மேலிருப்போர் இறங்க வேறு வழியே இராது. மதில் ஓரம் காற்றோட்டமான இடமே ஏற்றது.

உயரமும் முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் வாகன நிறுத்தங்கள் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. பேட்டரிகளின் மேல் அச்சிடப்படும் ஐ.பி. 67 என்ற குறி, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனையைக் குறிக்கிறதே தவிர, இரண்டு நாள் சாக்கடை கலந்த வெள்ளத்தில் கிடந்தாலும் பாதிப்பில்லை என்று பொருள்படாது. ஆகவே பாயின்ட்டை அந்தத் தெருவில் வெள்ளம் ஏறிய கோட்டுக்கு மேலே வைப்பதும், மூழ்கிய வண்டியைச் சர்வீஸ் நிலையம் சோதித்துத் தரும் வரை கட்டடத்துக்குள் சார்ஜ் போட விடாதிருப்பதும் சங்கத்தின் விதிகளில் எழுத்தில் இருக்க வேண்டியவை.

அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதற்கென ஒரு பொருளைச் சேர்க்குமாறும், வண்டி வைத்திருப்பவர் ஒருவரையும் கட்டடத்துக்கு வழக்கமாக வரும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனையும் அன்று அழைத்து, அவர் மீட்டர் பலகையைத் திறந்து பார்த்துச் சொல்வதைக் கேட்டபின் முடிவெடுக்குமாறும் சங்கத்தார் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். சப் மீட்டர் வைப்பதென்று முடிவானால், அது காட்டும் யூனிட் அளவை மின்வாரிய ஊழியர் கணக்கெடுக்க வரும் அதே நாளில் குறித்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் போதும்.

இங்ஙனம்,
பால்கனியிலிருந்து ஒயர் இறக்கும் குடித்தனக்காரர்கள் சார்பில்.